வேலை கேட்டு வரும் உறவினர்: கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வழக்கமும் இன்றைய கேள்விகளும்

கூடலூரில் ஒரு ஜவுளிக்கடையோ தனியார் பள்ளியோ மருந்துக்கடையோ 'ஆள் தேவை' என்று பலகை மாட்டினால் விசாரிப்புக்குப் பஞ்சமிருக்காது. விசாரிக்க வருபவர்தான் வேலைக்குச் சேரப்போகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. தாய்மாமன் வருவார். சித்தப்பா போன் செய்வார். பெண்பிள்ளைக்கான வேலை என்றால் அப்பாவே வந்து கல்லாப்பெட்டி ஓரமாக நின்று பேசுவார். பேச்சும் ஏறக்குறைய ஒரே தினுசில்தான் இருக்கும்.

"அண்ணே, ஆள் வேணும்னு போர்டு பார்த்தேன். நம்ம தங்கச்சி மக பி.காம். முடிச்சிட்டு வீட்லதான் இருக்கு. நல்ல புள்ள. எத்தனை மணிக்கு விடுவீங்க? சம்பளம் என்ன வரும்?"

"புள்ளைய வரச் சொல்லுங்க, பேசிப் பார்ப்போம்."

"வரும்ணே. மொதல்ல நான் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிட்டா வீட்ல சொல்லலாம்ல."

இந்த மூன்று வரிப் பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. மாமா தகவல் கேட்கிறார். அதோடு, 'நல்ல புள்ள' என்று சான்று சொல்கிறார். வீட்டின் சம்மதம் தன் வழியாகத்தான் வரும் என்பதையும் உணர்த்திவிடுகிறார். கடைக்காரருக்கு இவற்றில் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதில் தெளிவு இருப்பதில்லை. தெரிந்தவர் கேட்டால் வேலை கொடுத்துவிடுகிறார். தெரியாதவர் கேட்டால் 'தானாக வந்து கேட்கத் துப்பில்லாத பிள்ளை' என்று மனதுக்குள் கழித்துவிடுகிறார். இரண்டிலும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையைப் பற்றி உறவினர் கேட்கும் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றி அவர் சொல்லும் சான்றையும் அவர் கொடுக்கும் சம்மதத்தையும் ஏற்கக் கூடாது. எளிதாகத் தோன்றும் இந்தப் பிரிவினைக்குப் பின்னால் மலையேறிப் பிழைத்த இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு இருக்கிறது. அதைப் பார்க்காமல் உறவினரின் விசாரிப்பை வெறும் நாகரிகக் குறைவாக ஒதுக்குவது நியாயமாகாது.

மலைக்குப் போன வழி

கம்பம் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில் இருக்கிறது கூடலூர். லோயர் கேம்ப்பைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் குமுளி. 1895-ல் முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டதால் கீழே நெல் விளைந்தது. பின்னாளில் திராட்சைப் பந்தல்கள் வந்தன. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நடவும் கவாத்தும் அறுப்பும் இல்லாத நாட்களில் கூலிக்காரர்களுக்குச் சோறு போட்டது மேலே இருக்கும் ஏலக்காடும் தேயிலைத் தோட்டமும்தான். 1956 நவம்பர் 1-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்த பிறகும் இந்த வழி மாநில எல்லையைக் கடக்கும் வழியாகவே நீடித்தது. போக்குவரத்து நிற்கவில்லை. இன்றும் விடியுமுன் கூடலூரிலும் கம்பத்திலும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, தோளில் பழைய சட்டை. பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறங்குகிறார்கள்.

அந்த ஜீப்பில் யாரும் விண்ணப்பம் எழுதி ஏறுவதில்லை. அக்கா போகிறாள் என்று தங்கை போகிறாள். அத்தை சொன்னாள் என்று மருமகள் போகிறாள். 'நாளைக்கு ஆறு ஆள் கூட வேணும்' என்று தோட்டத்திலிருந்து ஆள் சேர்ப்பவருக்குச் சொல்லி அனுப்பினால், அவர் முதலில் தட்டுவது தன் தெருக் கதவுகளைத்தான். இந்த ஏற்பாட்டில் உறவினர் இடையூறு செய்பவர் அல்லர், அவர்தான் வழி. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையால் எல்லையில் பதற்றம் மூண்டபோது தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். 2020 ஊரடங்கில் எல்லை அடைபட்டபோது வேலைக்குப் போக முடியாமல் தெருத்தெருவாக முடங்கினார்கள். வேலை கிடைத்ததும் கூட்டாகத்தான், போனதும் கூட்டாகத்தான்.

இதன் மூல வடிவம் கங்காணி முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழகத்தின் உள்மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போனவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், பல நேரம் அதே சாதிக்காரர், சொந்தக்காரர். ஊரில் முன்பணம் கொடுப்பார், வழிச்செலவு பார்ப்பார், தோட்டத்தில் ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் தன் ஆட்களை நிறுத்திக் காட்டுவார். வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. சின்னக் கங்காணிக்கு மேல் பெரிய கங்காணி. ஆள் ஓடிப்போனால், கடன் திரும்பாவிட்டால், துரை கேட்பது கங்காணியைத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பொறுப்பேற்பு. கங்காணி தோட்டத்துக்கு ஆளைக் கொண்டுபோனதோடு தன் தலையையும் ஈடாக வைத்தார். உறவினர் என்ற உரிமையில் 'இவன் நல்லவன்' என்று சொன்னால், அந்த நல்லவன் தவறினால் சொன்னவருக்கு இழப்பு இருந்தது. வேலை கொடுப்பவருக்கு முன்பின் தெரியாத ஒருவனை நம்பச் செய்தது அந்த இழப்பின் அச்சம்.

அதற்கு விலை கொடுத்தவர் தொழிலாளி. ஒருவர் தோட்டம் மாற வேண்டுமென்றால் அவர் பெயரிலுள்ள கடனைக் குறிக்கும் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் கைமாறுவதும் கடன் கைமாறுவதும் ஒன்றாயிற்று. இலங்கையில் 1921-ல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழிக்க முடிந்தது. மலாயாவுக்குக் கங்காணி வழியாக ஆள் போவது 1938-ல் இந்திய அரசின் தடையோடு நின்றது. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929-ல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1931-ல் தந்த அறிக்கை, ஆலைகளில் மேஸ்திரிகளின் கையிலிருந்த ஆள் சேர்ப்பு அதிகாரத்தைப் பிடுங்கித் தனி அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும் என்றது. உறவின் பெயரால் வேலை தருகிறவன் அந்த உறவையே விலங்காக மாட்டிவிட முடியும் என்பதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட அறிக்கை அது.

ஈடில்லாத சான்று

இப்போது கூடலூர்க் கடைக்கு வந்த மாமாவைப் பார்ப்போம். அவர் கங்காணி செய்ததில் பாதியைத்தான் செய்கிறார். 'நல்ல புள்ள' என்கிறார். ஆனால் அந்தப் பெண் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டால் அவருக்கு நட்டம் எதுவும் இல்லை. சான்று இருக்கிறது, ஈடு இல்லை.

இந்த வேறுபாட்டைப் பொருளியல் ஆய்வுகள் அளந்து பார்த்திருக்கின்றன. வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை ஆராய்ந்த ரேச்சல் ஹீத், 2018-ல் வெளியிட்ட கட்டுரையில், பரிந்துரைத்தவரின் கூலியும் பரிந்துரைக்கப்பட்டவரின் கூலியும் பின்னிப் பிணைந்திருப்பதைக் காட்டினார். புதிதாக வந்தவர் சரியாக வேலை செய்யாவிட்டால் கூட்டிவந்தவரின் சம்பளத்தில் அது தெரிகிறது; அதனால்தான் நிறுவனங்கள் பரிந்துரையை நம்புகின்றன என்பது அவர் வாதம். கங்காணியின் கணக்கு, டாக்கா தையல் கூடத்தில் வேறு உடையில் நடக்கிறது.

லோரி பீமனும் ஜெரமி மக்ரூடரும் கொல்கத்தாவில் நடத்தி 2012-ல் வெளியிட்ட சோதனை இன்னும் நேரடியாக நம் கேள்வியைத் தொடுகிறது. ஒரு வேலைக்கு வந்தவர்களிடம், அடுத்த வேலைக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு யாரைக் கூட்டிவந்தாலும் ஒரே தொகை. இன்னொரு பகுதியினருக்கு, வருபவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அதைப் பொறுத்துத் தொகை. வருபவரின் திறமையில் தன் பணமும் தொங்குகிறது என்றானபோது மக்கள் உறவினரைக் கூட்டிவருவது குறைந்தது. கூட வேலை பார்த்தவர்களைக் கூட்டிவருவது கூடியது. இதைப் படித்து உறவுப் பாசத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரப் பிள்ளைக்கு வேலை கேட்பது ஒரு கடமை. அந்தக் கடமையைச் செய்பவர் திறமையை எடைபோட்டுச் சொல்கிறார் என்று வேலை கொடுப்பவர் எடுத்துக்கொள்வதுதான் பிழை. மாமா பொய் சொல்லவில்லை. அவர் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

அறிமுகத்தின் பயனையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அமெரிக்காவில் நியூட்டன் நகரத்து அலுவலர்களிடம் மார்க் கிரனோவெட்டர் 1960-களின் இறுதியில் விசாரித்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமாகத்தான் வேலை பெற்றிருந்தார்கள். அவர்களில் பலருக்கு வழி காட்டியவர்கள் நெருங்கிய உறவினர் அல்லர், எப்போதாவது சந்திக்கும் பழைய அறிமுகங்கள். நெருங்கியவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதிய சேதி கொண்டுவரும் என்றார் அவர். கூடலூர்ப் பெண்ணுக்கு அந்தத் தூரத்து அறிமுகங்கள் எங்கே இருக்கின்றன என்று யோசித்தால் சிக்கல் புரியும். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், சங்கக் கூட்டம் என்று ஆண்களுக்கு ஊரெல்லாம் சேதி கேட்கும் இடங்கள் உண்டு. கல்லூரி முடித்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மாமாதான் பஸ் ஸ்டாண்டு.

மலாவி நாட்டில் ஆட்சேர்ப்பு ஒன்றில் இதைச் சோதித்தார்கள். யாரை வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம் என்று விட்டபோது ஆண்கள் தகுதியுள்ள பெண்களைத் தெரிந்திருந்தும் ஆண்களையே முன்னிறுத்தினார்கள். மும்பை தாதர் பகுதியில் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. சாதி உறவு வழியாக ஆலை வேலை கிடைக்கும் குடும்பங்கள் மகன்களை மராத்தி வழிப் பள்ளிக்கே அனுப்பிப் பழைய வேலைக்குள் வைத்திருந்தன. அந்த வலைக்குள் ஒருபோதும் சேர்க்கப்படாத மகள்கள் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போய்ப் புதிய வேலைகளுக்கு நகர்ந்தார்கள். உறவு திறந்துவிடும் கதவு, வேறு கதவுகளைத் தேட விடாமலும் செய்யும்.

சர்க்கார் வேலையில் குடும்பம்

அரசுப் பணியில் இந்தக் கேள்விக்கு நீண்ட வழக்கு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தின் 1895-ஆம் ஆண்டு பரம்பரை கிராமப் பணிகள் சட்டம், மணியக்காரர் போன்ற வேலைகளைக் குடும்பச் சொத்துபோல் அடுத்த வாரிசுக்கு அளித்தது. அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, வழிமரபைக் காரணம் காட்டி அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆந்திரத்தில் கிராம முன்சீப் பதவி ஒன்றைப் பற்றி எழுந்த கசுல தசரதராம ராவ் வழக்கில் 1960-ல் உச்ச நீதிமன்றம், கடைசியாகப் பதவியில் இருந்தவரின் குடும்பத்துக்கு முன்னுரிமை தரும் விதி செல்லாது என்று தீர்த்தது. தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. அதை 1982-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இன்று வி.ஏ.ஓ. பணிக்குப் படிக்கும் எந்த ஊர்ப் பிள்ளையும் அந்த இரண்டு தீர்ப்புகளின் பயனாளி.

பணியில் இருப்பவருக்காக உறவினர் மனுப் போடுவதையும் மத்திய அரசு யோசித்திருக்கிறது. ஊழியரின் கோரிக்கை மறுக்கப்பட்ட பிறகு அதே கோரிக்கையை மனைவியோ தந்தையோ எழுதி அனுப்பும் வழக்கம் பெருகியபோது, அத்தகைய மனுக்களைக் கவனத்தில் கொள்வதில்லை என்று அறிவுறுத்தல் வந்தது. ஊழியர் இறந்துவிட்டாலோ உடல் இயலாமையால் தானே மனுச் செய்ய முடியாவிட்டாலோ மட்டும் விலக்கு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 20-ஆம் விதி, பணி விஷயத்தில் வெளிச் செல்வாக்கைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 4-ஆம் விதி, தன் பதவியை வைத்துக் குடும்பத்தாருக்குத் தனியாரிடம் வேலை வாங்குவதைத் தடுக்கிறது. யு.பி.எஸ்.சி. தேர்வு அறிவிக்கைகளில், எந்த வழியிலாவது ஆதரவு தேட முயன்றால் தகுதியிழப்பு நேரலாம் என்ற எச்சரிக்கை இன்றும் இருக்கிறது.

கருணை அடிப்படை நியமனம் ஒன்றுதான் குடும்ப உறவையே தகுதியாகக் கொண்ட வாசல். அங்கும் 1994-ல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டது. சம்பாதித்தவர் திடீரென இறந்த குடும்பம் தெருவுக்கு வராமல் காக்கும் உதவி அது, பதவியின் வாரிசுரிமை அல்ல என்றது.

அரசின் இந்தக் கண்டிப்பு சரியானது. ஆனால் அதை அப்படியே கடைக்கும் பள்ளிக்கும் மில்லுக்கும் கொண்டுவர முடியாது. அரசு வேலைக்கு அறிவிக்கை உண்டு. சம்பள விகிதம், வயது, பாடத்திட்டம் எல்லாம் அச்சில் கிடைக்கும். உறவினர் போய்க் கேட்க எதுவும் மிச்சமில்லை. கூடலூரில் தனியார் வேலை ஒன்றுக்கு அப்படி எதுவும் இல்லை. சம்பளம் எவ்வளவு, விடுப்பு உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா, ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதெல்லாம் முதலாளியின் வாயில் இருக்கிறது. வாயில் இருப்பதைக் கேட்க ஆள் வரத்தான் செய்வார். விசாரிக்க வரும் உறவினரைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் தன் பலகையில் எழுத வேண்டியவற்றை எழுதட்டும்.

அப்பா கேட்கும் கேள்விகள்

பெண்பிள்ளைக்காக அப்பா கேட்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 'பஸ் வருமா? கூட எத்தனை பொம்பளப் புள்ளைக இருக்காங்க? கடை அடைக்க ஒன்பதரை ஆகும்னா வீடு எப்படி வந்து சேரும்?' இவற்றைப் பல முதலாளிகள் தங்கள்மீது சந்தேகமாக எடுத்துக்கொள்கிறார்கள். நியாயமான பணியிடம் எதுவோ அது பதில் வைத்திருக்க வேண்டிய கேள்விகள் இவை. தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவுப் பணியைத் தடைசெய்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் வசந்தா வழக்கில் ரத்து செய்தபோது, பெண் வேலை செய்யும் உரிமையை நிலைநாட்டியதோடு நிற்கவில்லை. வண்டி வசதி, போதிய எண்ணிக்கையில் உடன் பணிபுரியும் பெண்கள், பாதுகாப்பு என்று நிபந்தனைகளையும் விதித்தது. கூடலூர் அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்பதைத்தான் நீதிமன்றம் சட்ட மொழியில் கேட்டது.

ஆனால் அப்பா கேட்பதும் அப்பா முடிவெடுப்பதும் வேறு. அந்த எல்லை அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மில்கள் கசப்பான பாடம். திண்டுக்கல், தேனி, ஈரோடு, கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்', 'திருமணத் திட்டம்' என்ற பெயர்களில் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். தரகர்கள் கிராமத்துக்கு வந்து பெற்றோரிடம் பேசினார்கள். மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று வாக்குக் கொடுத்தார்கள். பெண் விடுதியில் அடைபட்டாள். வெளியே போகத் தடை. வீட்டோடு பேசவும் கட்டுப்பாடு. நடுவில் நின்றால் மொத்தத் தொகை போயிற்று. 2011-ல் நெதர்லாந்தின் ஸோமோ ஆய்வு நிறுவனமும் இந்தியக் குழு என்ற அமைப்பும் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு உலக ஆடை நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்லர். மகளின் எதிர்காலத்துக்கென்று நம்பித்தான் அனுப்பினார்கள். பேச்சு முழுவதும் பெற்றோருக்கும் தரகருக்கும் நடுவே முடிந்ததால், உள்ளே போன பெண்ணுக்கு 'நான் இதற்குச் சம்மதிக்கவில்லை' என்று சொல்ல இடமே இல்லாமல் போனது.

ஆகவே பதினெட்டு வயது நிரம்பிய எவருடைய சம்மதத்தையும் வேறொருவரிடமிருந்து வாங்கக் கூடாது. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் கதை வேறு. 1961-ஆம் ஆண்டு தொழிற்பயிற்சியாளர் சட்டம், மைனர் ஒருவர் பயிற்சியாளராகச் சேர அவருடைய காப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்கிறது. 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரை ஆபத்தான தொழில்களில் சேர்ப்பதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கிறது. அம்மா ஒருவர் மகனுக்காக வேலை கேட்டு வந்தால் முதலில் கேட்க வேண்டியது அவன் பிறந்த தேதி.

உறவினர் பேசவே வேண்டிய இடங்களையும் சட்டம் குறித்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகள், 2013, பாதிக்கப்பட்ட பெண் உடல் இயலாமையால் புகார் தர முடியாதபோது அவருடைய உறவினர் தரலாம் என்கின்றன. வெளிநாட்டில் சம்பளம் இல்லாமல் தவிக்கும் தொழிலாளிக்காக, 2015-ல் தொடங்கப்பட்ட 'மதத்' இணையதளத்தில் ஊரில் இருக்கும் குடும்பத்தார் முறையிடலாம். ஒருவரால் தனக்காகப் பேச முடியாதபோது உறவினர் குரல் கொடுக்கலாம்; அவரால் பேச முடியும்போது அவரே பேச வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையிலும் இதே அளவுகோல் பொருந்தும்.

மேசையில் என்ன செய்வது

போன் வந்தால் முதலில் மரியாதையாகக் கேளுங்கள். வேலை என்ன, நேரம் என்ன, சம்பளம் எவ்வளவு, என்ன சான்றிதழ் வேண்டும், எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். இது யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய தகவல். பிறகு ஒரே வேண்டுகோள்: "உங்க மருமகளையே எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. அவங்ககிட்ட நான் பேசணும்." அந்தப் பெண்ணிடம் போன் இல்லையென்றால் மாமாவின் எண்ணிலிருந்தே பேசட்டும். பேசுபவர் அவராக இருந்தால் போதும். இந்த ஒரு வாக்கியத்திலேயே, உண்மையில் வேலை வேண்டுமென்று நினைப்பது யார் என்பது வெளிப்பட்டுவிடும். வீட்டின் வற்புறுத்தலால் தள்ளப்படும் பிள்ளைகள் பலர் பேசவே மாட்டார்கள்.

அவர் பேச வந்தபின், மாமா விசாரித்ததை அவருக்கு எதிராக எண்ணக் கூடாது. உறவினர் பேசினார் என்பதற்காகப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று முடிவுகட்டுவது, போன் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் பஸ்ஸில் தனியாக அனுப்பும் வீட்டுப் பிள்ளைக்கும் மதிப்பெண் போடுவதாகும்.

நேர்காணல் முடிந்த பிறகு 'என்னாச்சுண்ணே, நம்ம புள்ள எப்படிப் பண்ணுச்சு?' என்று மாமா மறுபடி கேட்பார். இங்கே கதவை அடைத்துவிட வேண்டும். ஒருவரின் மதிப்பெண், உடல்நிலை, பழைய வேலையை விட்ட காரணம் எல்லாம் அவர் தந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டியவை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மனப்பாங்கும் இதுதான். தாய்மாமனிடம் சொன்னால் என்ன என்று தோன்றலாம். அந்தப் பெண் வீட்டுக்குத் தெரியாமல் வெளியூர் வேலைக்கும் விண்ணப்பித்திருக்கலாம்; கல்யாணப் பேச்சுக்கு நடுவில் தன் சம்பளத்தைச் சொல்லாமல் வைத்திருக்க விரும்பலாம். 'முடிவை அவங்களுக்கே சொல்லிட்டோம், அவங்ககிட்ட கேட்டுக்கங்க' என்பது முழுமையான, மரியாதையான பதில்.

சிபாரிசு வேறு வகை. வாடிக்கையாளர், கவுன்சிலர், கடன் கொடுத்தவர் என்று மறுக்க முடியாத இடத்திலிருந்து 'நம்ம பையன், பார்த்துக்கங்க' என்று வரும்போது, 'வரச் சொல்லுங்க, மத்தவங்களோட சேர்த்துப் பார்க்கிறோம்' என்று சொல்லி, வந்தவரை உண்மையாகவே மற்றவர்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேட்டுக் குறித்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லவும் காரணம் கையில் இருக்கும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டார நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசி 2007-ல் எழுதிய கட்டுரையில், தகுதியே முக்கியம் என்று சொல்லிக்கொண்டே பலரும் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்டது பதிவாகியிருக்கிறது. அந்தக் கேள்வியின் வழியாகச் சாதியும் வர்க்கமும் உள்ளே நுழைந்தன. நம் ஊரில் உறவினரின் விசாரிப்பு அந்தக் கேள்வியைக் கேட்காமலே பதிலைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த பிறகு அதைத் தெரியாததுபோல் நடப்பது கடினம். எழுதிவைத்த கேள்விகள் அதற்காகத்தான்.

பணம் கேட்கும் இடைத்தரகர் எவரையும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். 'உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு கட்டினால் போதும்' என்று வருபவரிடம் மகனின் சான்றிதழைக் கொடுக்கும் பெற்றோர் நம் பள்ளத்தாக்கிலும் குறைவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பதிவுபெற்ற முகவர்கூட ரூ. 30,000-க்கும் அதன்மீதான வரிக்கும் மேல் கட்டணம் வாங்க முடியாது என்பது அரசு விதி. பதிவு எண் உண்டா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் கடை, பள்ளி, மருத்துவமனை, தோட்டம் நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஆள் தேவை என்று பலகை மாட்டும்போது சம்பளத்தையும் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் வீடு திரும்பும் வண்டி வசதியையும் அதிலேயே எழுதுங்கள். கடைசி வரியாக, 'வேலைக்கு வருபவரே பேசவும். வீட்டார் விவரம் கேட்கலாம்' என்று சேர்த்துவிடுங்கள்.